ஜெரோம் வாசித்த அரபிக் காகிதம்

சவூதியில் தம்மாமில் மூன்று வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு நாற்பத்தைந்து நாள் லீவில் ஜெரோம் ஊருக்கு வந்தபோது, அவனுக்கு முன்னாலேயே அவனுடைய படிப்பு வந்து சேர்ந்திருந்தது. ஆவூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டு முனையில் தாய்மாமன் அருள்தாஸ் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஜெரோம், பக்கத்தில் ஒரு ஒட்டகம், கீழே ‘அரபு மொழி வித்தகரே வருக’ என்று மஞ்சள் எழுத்து. ஒட்டகத்தை ஃபிளெக்ஸ் கடைக்காரர் தாமாகவே சேர்த்துக் கொடுத்ததாக மாமா சொன்னார். வித்தகரைச் சேர்த்தது யார் என்று ஜெரோம் கேட்கவில்லை. அது அவனுடைய அம்மா என்று அவனுக்குத் தெரியும்.

அம்மா வேளாங்கண்ணி வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மகனோடு போனில் பேசுவாள். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, வெயில் எப்படி என்ற மூன்று கேள்வியோடு அவளிடம் சரக்கு தீர்ந்துவிடும். அவனிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. காலை நாலு மணிக்குக் கக்கூஸ் வரிசை, நாலே முக்காலுக்கு பஸ், பகல் முழுக்க ஸ்டோரில் நின்று கையுறையும் ஹெல்மெட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பது, சாயங்காலம் திரும்பினால் சமையல் முறை. முறை இல்லாத நாளில் முறை உள்ளவனைக் குறை சொல்வது. இதை ஒரு மனிதன் எத்தனை வெள்ளிக்கிழமை சொல்ல முடியும்? அதனால் அவன் படிக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான்.

சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தான். ஒன்று: அரபி, எழுதப் படிக்க, ஆறு மாதத்தில். இரண்டு: ஆங்கிலம், தினமும் பத்து வார்த்தை. மூன்று: சேஃப்டி ஆபீசர் பரீட்சை. நாலு: கோபத்தைக் குறைத்துக்கொள்வது. இதில் நாலாவது மட்டும் முழுதாக நிறைவேறியது. எட்டுப் பேர் படுக்கிற அறையில் கோபப்பட இடம் கிடையாது.

அரபிக்கு ஒரு புத்தகம் வாங்கினான். பெட்டிகளின் மேல் எழுதியிருக்கிற இலக்கங்களைப் பத்தே நாளில் கற்றுக்கொண்டான், வேலைக்கு வேண்டியிருந்ததால். எழுத்துகள் அப்படி வசப்படவில்லை. ஒரு மாதம் படிப்பான், பிறகு சைட்டில் ஓவர்டைம் வரும், புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். புது வருஷத்தில் ஒரு தடவை, தவக்காலத்தில் ஒரு தடவை மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்குவான். அரபியின் முதல் எழுத்தை அவனளவுக்கு ஆழமாகப் படித்தவர்கள் குறைவு.

“அரபி எப்புடிப்பா போவுது?” என்பாள் அம்மா.

“போவுதும்மா.”

அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியை அவள் சொல்லிக்கொண்டாள், பூசைக்குப் போகிற வழியில், ரேஷன் கடை வரிசையில், கிணற்றடியில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்.

இதற்கு நடுவே அவன் மலையாளம் கற்றுக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை, அவனே கவனிக்கவில்லை. அறையில் ஐந்து பேர் மலையாளிகள். அவர்களோடு சண்டை போட்டு, சமாதானமாகி, அவர்கள் வைத்த மீன்குழம்பைத் தின்று, அவர்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் கேட்டுக் கேட்டு அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பட்டியலில் இல்லாததால் அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

லீவில் வந்த இரண்டாவது ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெயராணி அவனிடம் வந்தாள். அவர்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். அவளுடைய கணவன் சந்தனராஜ் குவைத்தில் கட்டட வேலை. இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவேன், இனி வெளிநாடு வேண்டாம் என்று அவன் மாதா கோயிலில் வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தான். அது ஊருக்கே தெரியும்.

“தம்பி, அவுக போன் பேசி ஒம்பது நாள் ஆச்சு,” என்றாள். “போட்டா ரிங்கே போவ மாட்டேங்குது. முந்தாநாளு வேற ஏதோ நம்பர்லேருந்து இந்தக் காயிதத்தைப் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்க. அந்த நம்பருக்குப் போட்டா ஒருத்தன் ‘ஓகே ஓகே, நோ ப்ராப்ளம்’னு சொல்லிட்டு வச்சிடுறான். கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

போனை நீட்டினாள். கசங்கிய ஒரு தாள், மங்கலான படம், மேலே கம்பெனி முத்திரை. முழுக்க அரபி. ஜெரோம் சுற்றிலும் பார்த்தான். முப்பது பேராவது நின்றார்கள். செருப்புக் கிடைத்தவர்களும் போகவில்லை. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது அவனுக்கு ஓடிப் போய்விடலாம் போலிருந்தது.

“நீயே போன்ல போட்டுப் பாத்தியாமே தாயி,” என்றார் அருள்தாஸ் மாமா.

“பாத்தேன். மொழிபெயர்க்குற ஆப்புல போட்டா இடுப்புங்குது, பதினெட்டுங்குது, பறக்குறதுங்குது, கடவுள் நலம் தருவாராகங்குது. ஒண்ணும் வெளங்கல.”

கூட்டம் சிரித்தது. இயந்திரம் தோற்றால் மனிதர்களுக்கு வரும் சிரிப்பு. எல்லோரும் ஜெரோமைப் பார்த்தார்கள்.

அவனுக்கு அந்தத் தாளில் தெரிந்தவை மூன்று. மேலே இருந்த ஒரு சொல் அவனுடைய சொந்த ஒப்பந்தத்தின் தலைப்பிலும் இருக்கும், ஆகவே ஒப்பந்தம். நடுவில் இரண்டு என்ற இலக்கம். கீழே பதினெட்டாம் தேதி. மூன்றையும் சேர்த்து, இடையில் இருந்த பத்து வரிகளை விட்டுவிட்டு, அவன் தொண்டையைச் செருமினான்.

“பயப்பட ஒண்ணும் இல்லக்கா. நல்ல சேதிதான். அண்ணனோட கான்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டியிருக்காங்க. பதினெட்டாந்தேதிலேருந்து புதுசு ஆரம்பிக்குது. வேற சைட்டுக்கு மாத்துறப்ப போன் கெடைக்காது, அதான்.”

“இடுப்புன்னு வந்துச்சே?”

“அது அரபியில ஒரு மரியாதைக்கு எழுதுறதுக்கா. எல்லாக் காயிதத்துலயும் இருக்கும்.”

கூட்டம் தலையாட்டியது. மாமா அவன் தோளைத் தட்டினார். ஒப்பந்தம் நீண்டால் எல்லா வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள், ஒரு வேளைக் கறி கூட எடுப்பார்கள். அதனால்தான் ஜெரோம் அதைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் ஜெயராணி சந்தோஷப்படவில்லை. கோயில் படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“இன்னும் ரெண்டு வருசமா?” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?”

பிறகு எழுந்தாள். “அதான் போனை அமத்தி வச்சிருக்காக. எம் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியல.” வாசலில் வைத்தே அந்தப் புது எண்ணையும் புருஷன் எண்ணையும் பிளாக் செய்தாள். காகிதப் படத்தை மட்டும் ஜெரோமுக்கு அனுப்பி வைத்தாள், பத்திரமாக இருக்கட்டும் என்று.

அடுத்த நாலு நாள் ஊரில் சந்தனராஜின் பெயர் அடிபடாத இடம் இல்லை. மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு மாறிவிட்டான் என்றார்கள். அங்கே வேறு குடும்பம் இருக்கலாம் என்று சிலர் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். ஜெரோம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. படிக்கிறான் என்று அம்மா சொன்னாள்.

வியாழக்கிழமை பகல் சாப்பாட்டின்போது அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். “ஜெயராணி நாளைக்குக் காலையில புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அறந்தாங்கிக்குப் போவுதாம், அவ ஆத்தா வீட்டுக்கு. வீட்டப் பூட்டிட்டுப் போறாளாம். வந்தாலும் வரட்டும், வராட்டியும் போவட்டும்ங்குறா. நல்லவேள நீ வாசிச்சுச் சொன்னே. இல்லாட்டி அவ இன்னும் காத்துக்கிட்டுல்ல கெடப்பா.”

ஜெரோம் பாதிச் சோற்றோடு எழுந்தான். கை கழுவிவிட்டு வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றான். போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினான். முத்திரைக்குக் கீழே ஓர் எண் இருந்தது. இலக்கங்கள்தான் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடாயிற்றே. அதை ஞாயிற்றுக்கிழமையே பார்த்திருக்கலாம். பார்த்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் உண்மை தெரிந்துவிடும், அந்தப் பயத்தில்தான் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினான். எடுப்பவர் அரபியில் பேசினால் என்ன செய்வது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் வந்தது.

“ஹலோ, ஆராணு?”

மலையாளம். ஜெரோமுக்கு அழுகையே வந்துவிட்டது. “சேட்டா, ஒரு காரியம் சோதிக்கானுண்டு,” ஒன்று கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தவன் பதினோரு நிமிடம் நிறுத்தாமல் பேசினான். வார்த்தை எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் கம்பெனி ஆபீசில் கிளார்க்.

“நாட்டில் எவிடெயா?” என்று நடுவில் ஊரைக் கேட்டார்.

“தமிழ்நாடாணு சேட்டா. புதுக்கோட்டை.”

“அதெயோ? மலையாளம் நன்னாயிட்டு பறயுந்நல்லோ!”

மூன்று வருடத்தில் அவன் படிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. மகிழ்ந்துகொள்ள நேரமில்லை. கிளார்க் சொன்ன விஷயம் வேறாக இருந்தது. சந்தனராஜ் மூன்றாம் தேதி சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். போன் தூள் தூளாகிவிட்டது. இடது இடுப்பில் எலும்பு முறிவு, ஆபரேஷன் ஆகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை. இரண்டு வருட ஒப்பந்தத்தை முடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். பதினெட்டாம் தேதி காலை திருச்சி விமானம். சக்கர நாற்காலியில் வருவார், வீட்டு ஆள் வந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அதைத்தான் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது. கூட வேலை செய்கிற பெங்காலிக்காரன் படம் பிடித்து அனுப்பினான். நாலு நாளாக அவன் போனிலிருந்துதான் அந்த வீட்டு எண்ணுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், போகவில்லை.

“கத்து கிட்டியில்லே?” என்று கேட்டார் கிளார்க். கடிதம் கிடைக்கவில்லையா என்று.

“கிட்டி,” என்றான் ஜெரோம்.

“பின்னெ ஆராணு வாயிச்சது?”

“ஒராள்,” என்றான். யாரோ ஒரு ஆள் என்று சொல்லிப் போனை வைத்தான்.

ஜெயராணி வீட்டுக்கு நாலு வீடு. அந்த நாலு வீட்டுக்குள் அவன் நாலு பொய் தயார் செய்தான். கம்பெனி மனசு மாறிவிட்டது என்று சொல்லலாம். இன்று புதிதாக ஒரு காகிதம் வந்தது என்று சொல்லலாம். அது சுலபமாகவும் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, சந்தனராஜ் எப்படியும் வந்துவிடப் போகிறான். மூன்றாவது வீடு தாண்டும்போது இந்தப் பொய்தான் என்று முடிவே செய்துவிட்டான்.

வாசலில் இரண்டு பெரிய பை கட்டி வைத்திருந்தது. ஜெயராணி அவனைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்து வந்தாள்.

“நானே வரணும்னு இருந்தேன் தம்பி. அரபியில ஒரு பதில் எழுதிக் குடுங்க. போட்டோ புடிச்சுக் கம்பெனிக்கே அனுப்பிடுறேன். அவுக பேருக்கு எழுதுங்க. நீங்க அங்கிட்டே இருந்துக்கங்க, இங்கிட்டு வரவே வேணாம், புள்ளைக ஒங்கள மறந்துட்டாங்கன்னு எழுதுங்க.”

கண் வீங்கியிருந்தது. நாலு நாளாக அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. தாளும் பேனாவும் அவன் கையில் இருந்தன. தயார் செய்த பொய் எதையும் அவனால் எடுக்க முடியவில்லை.

“எனக்கு அரபி தெரியாதுக்கா,” என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

“நம்பர் மட்டும்தான் தெரியும். அன்னைக்கு வாசிச்சது எல்லாம் நானாச் சொன்னது. இப்பதான் ஆபீசுக்குப் பேசினேன். அண்ணன் கீழ விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு ஒடைஞ்சிருக்கு. ஆபரேசன் பண்ணியாச்சு, உசுருக்கு ஒண்ணும் இல்ல. நாளன்னைக்குக் காலையில திருச்சிக்கு வர்றாரு. கான்ட்ராக்ட முடிச்சுட்டாங்க. அவரு நீட்டல. அவரு ஒண்ணும் பண்ணல.”

ஜெயராணி பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்தப் பக்கத்து இடுப்பு?”

“இடது.”

“அந்தப் பக்கம்தான் ஒருக்களிச்சுப் படுப்பாக,” என்றாள். பிறகுதான் அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பிளாக் செய்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஐந்து மணிக்கு அந்தக் கிளார்க் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தார். சந்தனராஜின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

“ஏன் ஜெயா போனே எடுக்கல? நாலு நாளா போட்டுக் குடுன்னு அந்தப் பெங்காலிப் பையங்கிட்ட கெஞ்சுறேன்.”

அவள் ஜெரோமைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“ஒங்க மேல கோவமா இருந்தேங்க.”

“எதுக்கு?”

“வாங்க, வந்ததும் சொல்றேன்.”

போனை வைத்தபின் அவள் பேச்சு மாறியிருந்தது. இத்தனை நாள் கொடுத்த மரியாதையை எடுத்துவிட்டாள். “எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. கோயில் வாசல்ல வச்சு வாசிச்சே. ஊரு பூரா அந்த மனுசனைக் கேவலமாப் பேசுச்சு, நானும் பேசுனேன். ஞாயித்துக்கெழம அதே எடத்துல நின்னு சொல்லு.”

சனிக்கிழமை காலை மாமாவின் வேனில் திருச்சிக்குப் போனார்கள். சந்தனராஜ் பாதி ஆளாக இளைத்திருந்தான். நாற்காலியைத் தள்ளியது ஜெரோம்தான். எவ்வளவு நல்ல பையன் என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெயராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி மனசு மாறி அனுப்பிவிட்டது என்று ஊர் தானாகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்று ஜெரோம் சொன்னான். “எல்லாரும் ஒரு நிமிசம். எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது. போன வாரம் நான் சொன்னது அத்தனையும் பொய்.”

இதற்கு என்ன ஆகும் என்று இரண்டு ராத்திரி தூங்காமல் பயந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. “படிச்சவங்க அப்புடித்தான் சொல்லுவாங்க,” என்றார் அருள்தாஸ் மாமா. “நெறகொடம்,” என்றாள் இன்னொருத்தி. ஒருவர் தம் மகன் ஓமனிலிருந்து கொண்டுவந்த, அரபி எழுத்துப் போட்ட மருந்து டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே கிட்டே வந்தார். அம்மா அடக்கமாகப் புன்னகை செய்தாள்.

“தன்னடக்கமெல்லாம் இல்ல,” என்றாள் ஜெயராணி. சத்தமாகத்தான் சொன்னாள். “அவனுக்குத் தெரியாது. எம் புருசன் இடுப்பு ஒடைஞ்சு வீட்டுக்கு வாராருன்னு எழுதியிருந்துச்சு. வரமாட்டாருன்னு வாசிச்சான். நான் வீட்டைப் பூட்டிட்டுப் போயிருந்தா அவுக எங்க போயிருப்பாக?”

மருந்து டப்பா பைக்குள் திரும்பிப் போனது. ஜெரோம் அம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு யாருக்கும் காத்திராமல் முன்னால் நடந்துவிட்டாள். பாதி வழியில் அவன் போய்ச் சேர்ந்துகொண்டபோது அவள் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

“அப்ப மூணு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம என்னத்தப்பா படிச்சே?”

“மலையாளம்மா.”

“அது எதுக்கு?”

“தெரியலம்மா. வந்துருச்சு.”

அவள் வீடு வரைக்கும் அவனைவிட இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அவமானத்தைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

சாயங்காலம் ஜெயராணியே தெருவிலிருந்து கூப்பிட்டாள். இவன் வெளியே வந்ததும் ஒரு கத்தைக் காகிதத்தைக் காட்டினாள். “குவைத்து ஆஸ்பத்திரிச் சீட்டு. இது இங்கிலீசு. நாளைக்குத்தான் விராலிமலைக்குக் கொண்டுபோயி டாக்டர்கிட்ட காட்டணும். அதுக்குள்ள என்ன மாத்திரை, எப்ப கால ஊனலாம்னு எனக்குத் தெரியணும். இங்கிலீசாவது தெரியுமா?”

தெரியும் என்ற சொல் பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

“பாதி தெரியும்க்கா.”

“எந்தப் பாதி?”

“வாசிக்கும்போதுதான் தெரியும்.”

அவள் கத்தையை அவன் கையில் வைத்தாள். “சரி வா. தெரிஞ்சத மட்டும் வாசி. தெரியாத எடத்துல தெரியலன்னு சொல்லு. நீயாச் சேத்தியோ, கரண்டி பழுக்கக் காச்சி வச்சிருக்கேன்.”

சந்தனராஜ் கயிற்றுக் கட்டிலில் வலது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தான். ஜெரோம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். ஜெயராணி கையில் பென்சிலோடு தரையில் உட்கார்ந்தாள்.

“பேசன்ட் நேம், சந்தனராஜ்,” என்று வாசித்தான்.

“அது நான்தான்,” என்றான் சந்தனராஜ்.

அடுத்த வரியில் ஒரு நீளமான சொல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். “இது தெரியலக்கா,” என்றான். ஜெயராணி எழுந்து வந்து அதற்கு அடியில் கோடு போட்டாள். “மேல போ,” என்றாள்.

ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினோரு இடத்தில் கோடு விழுந்தது. கடைசி வரிக்கு வந்தபோது அவன் அதை மனசுக்குள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். “ஆறு வாரத்துக்கு இடது கால கீழ ஊனக் கூடாது.”

“நல்லாத் தெரியுமா?” என்றாள் ஜெயராணி.

“இது நல்லாத் தெரியும்க்கா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனின் இடது காலைத் தூக்கி, அடியில் ஒரு தலையணையை வைத்தாள். அந்த வரிக்குக் கோடு போடவில்லை.